துலா மாதத்துத் தண்ணீர்

மல்லேஸ்வரம், பெங்களூர்
19 மார்ச் 2000

அம்ருதா,

நீ டொரன்டோவுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. தனியாகச் சமைத்துக் கஷ்டப்பட வேண்டாம் என்று உன் பிறந்த வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டுப் போனாயே, இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தனியாக உட்கார ஓர் இடம்தான் இல்லை. ஃபோன் கூடத்தில் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் உன் அப்பா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் குளிரைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுவதற்கு அதுதான் காரணம். கம்பெனி ஈ-மெயிலையும் அவர்தான் திறக்கிறார். அச்சடித்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கில் படித்துக் காட்டுகிறார்.

நேற்றுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கன்னட மீடியத்தில் படித்த உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. நாம் மெட்ராஸில் எம்.எஸ்ஸி. படித்த நாளில் வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு கற்ற எழுத்து இப்போது உபயோகப்படட்டும். கவர் பிரித்தே கிடந்தாலும் பயமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு ஃப்யூயல் செல் கம்பெனிகளின் பங்கு விலை ராக்கெட் மாதிரி ஏறுகிறது என்று பேப்பரில் வந்ததிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. அந்தச் செய்தியை வெட்டி, லிங்கராஜபுரத்தில் இருக்கும் நம் ஷெட்டின் கதவில் ஒட்டியிருக்கிறார். மின்வாரியத்தில் அவரோடு வேலை பார்த்து ரிட்டயரானவர்கள் எல்லாரும் தினம் காலை பார்க்கில் நடக்க வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்கு ஒரே பிரசங்கம்: "அப்பளம் மாதிரி ஒரு தாள், அவ்வளவுதான். கரண்டு கொடுத்தா தண்ணிலேருந்து ஹைட்ரஜன் வரும். திருப்பி ஹைட்ரஜனைக் கொடுத்தா கரண்டு வரும். அந்தத் தாளை ஃபாரின்லேருந்து வாங்கணும்னா சொத்தை விக்கணும். நம்ம மாப்பிள்ளை லிங்கராஜபுரத்துல பண்றார்."

மாப்பிள்ளை பண்ணுகிற தாள் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் காய்ந்தால் வெடிக்கிறது, சில நாள் ஓடினால் கசிகிறது. போன வெள்ளிக்கிழமை நம் கம்பெனியில் பணம் போட்டிருக்கும் அந்த பார்க் நண்பர்கள் எல்லாரையும் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னேன். இது தேறுமா என்று எனக்கே நம்பிக்கை இல்லை, உங்கள் பணத்தில் மிச்சமிருப்பதைத் திருப்பித் தந்துவிடுகிறேன், கடையைக் கட்டலாம் என்றேன். அவர்களில் ஆதிகேசவன் மாமா எழுந்தார்.

"தன் சரக்கைத் தானே நல்லா இல்லைன்னு சொல்ற மனுஷனை நான் பார்த்ததே இல்லை. போடறதுன்னா இவரை நம்பித்தான் போடணும்."

அன்று சாயங்காலமே எல்லாரும் இன்னும் கொஞ்சம் பணம் போட்டார்கள். உண்மையைச் சொல்லி வெளியே வரலாம் என்று பார்த்தேன், உண்மையே கதவைச் சாத்திவிட்டது. அடுத்த ஜனவரி முடிவதற்குள் நான் கனடா மண்ணில் கால் வைக்காவிட்டால் என் விசா செத்துவிடும் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும். அவர் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

ப்ரஹ்லாத்


டொரன்டோ
4 ஏப்ரல் 2000

என் பிறந்த வீட்டோடு மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

எல்லாப் பழியையும் அப்பா தலையில் போடாதீர்கள். பெரிய லேபரட்டரி வேலையை விட்டுவிட்டு அந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. கல்யாணத்தன்று கூட அப்படி இல்லை. அப்பாவுக்கு அந்த ஆசை உங்களிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

இங்கே நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறேன். ஊர் ஊராகப் பாட்டிலில் தண்ணீர் வரும். அதில் செம்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். மெட்ராஸில் தங்கமெடல் வாங்கியவள் நாள் முழுவதும் குழாய்த் தண்ணீரை முகர்ந்துகொண்டிருக்கிறேன். சாயங்காலம் நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட் அறைக்குத் திரும்புகிறேன். ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிறது. அதில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். எனக்கு நீங்கள் வேண்டும், ப்ரஹ்லாத். ஃபோனில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர்களிடம் தேறாது என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள், அவர்களுக்குப் பரீட்சை என்றால்தான் புரியும். கடைசியாக ஒரே ஒரு பரீட்சை வையுங்கள். செல் இத்தனை மாதம் நிற்காமல் ஓட வேண்டும், நின்றால் கம்பெனி மூடப்படும் என்று அப்பாவைப் பெருமாள் முன்னால் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் அங்கே சொன்ன வார்த்தையை மாற்றமாட்டார். ஒருவேளை ஓடிவிட்டால், பணக்காரக் கம்பெனி எதன் தலையிலாவது கட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.

அம்ருதா


மல்லேஸ்வரம்
27 ஆகஸ்ட் 2000

அம்ருதா,

உன் யோசனைப்படியே செய்தேன். நீ நினைத்ததில் பாதிதான் நடந்தது.

உன் அப்பா ஒப்புக்கொண்டார். பூஜை அலமாரியின் முன் உட்கார்ந்து, மூன்று மாதம் நிற்காமல் ஓட வேண்டும், இடையில் நின்றால் ஷெட்டை மூடிவிடலாம், மாப்பிள்ளை கனடா போகலாம் என்று உன் அம்மா கேட்கச் சொன்னார். அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் இந்தப் பரீட்சையைப் பற்றி ஆதிகேசவன் மாமா பம்பாயில் இருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு எழுதிவிட்டார். அவர்கள் இரண்டு பேரை அனுப்பினார்கள். செல் மூன்று மாதம் ஓடினால் பெரிய தொகை போடுகிறார்களாம். தொழிற்சாலையே கட்டலாமாம். ஒரே ஒரு நிபந்தனை, நான் மூன்று வருஷம் இங்கேயே இருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் இல்லாமல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று என் எதிரிலேயே சொன்னார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

ஆக, ஓடினால் மாட்டிக்கொள்வேன், நின்றால் தப்பிப்பேன்.

இப்போது இதைக் கேள். கன்னட நடிகரைத் தமிழ்நாட்டுக் காட்டுக்குள் கடத்திப் போன சமாசாரத்தால் ஊரில் பந்த் நடந்த நாட்களில் வெளியே போக முடியாமல் ஷெட்டிலேயே அடைந்து கிடந்தேன். தெருவில் டயர் எரிகிறது. வாட்ச்மேன் கோவிந்தப்பா, யாராவது கதவைத் தட்டினால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், கன்னடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். என் கன்னடம் அவனுடையதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை. வேறு வேலை இல்லாததால் தாளுக்குள் மெல்லிய வலை ஒன்றை வைத்து வார்த்துப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். எனக்கு நேர்மாறாக, குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்துவிட்டார். வெடிக்கவில்லை, கசியவில்லை. மாத ஆரம்பத்திலிருந்து ஓடுகிறது. வோல்ட்மீட்டர் முள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு அசையவே இல்லை.

என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான். காலையில் கதவைத் திறக்கும்போது, நின்றுபோயிருக்கக் கூடாதா என்று பார்க்கிறேன். ஓடுவதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருக்கிறது. அப்புறம் காலண்டரில் நாளை எண்ணுகிறேன்.

ப்ரஹ்லாத்


டொரன்டோ
12 செப்டம்பர் 2000

ப்ரஹ்லாத்,

நீங்கள் எழுதிய அந்த வலை விஷயத்தைப் படித்துவிட்டு லேபில் என் பக்கத்தில் இருக்கும் சீனப் பெண்ணிடம் பெருமை அடித்துக்கொண்டேன். என் கணவர் செய்தது என்றேன். உடனே அழுகை வந்தது. அவள் பயந்துபோய் டீ போட்டுக் கொடுத்தாள்.

ஒரு கயிற்றைக் கெட்டியாகத் திரித்து வைத்துவிட்டு, அறுந்துபோகட்டும் என்று எதிரில் உட்கார்ந்து வேண்டிக்கொள்ளும் ஆளைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையா உங்களால்? பந்த் அன்று ஒருநாள் படுத்துத் தூங்கக் கூடாதா?

இதை எழுதிவிட்டு வெட்கமாக இருக்கிறது. கிழிக்கவும் மனசில்லை. நானும் அது நிற்க வேண்டும் என்றுதான் தினம் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மிக நல்ல வேலை பாழாக வேண்டும் என்று உங்கள் மனைவி வேண்டிக்கொள்கிறாள். அதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அம்ருதா


மல்லேஸ்வரம்
22 அக்டோபர் 2000

அம்ருதா,

நின்றுவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து செல் திணறி, முள் ஏற ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை இன்னும் ஏறியது. நேற்றுக் காலை நான் போய்ப் பார்த்தபோது செல் ஓய்ந்திருந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியிருந்தால் மூன்று மாதம் ஆகியிருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று ஆதிகேசவன் மாமா சொன்னார். பாவம், அவர் போன வாரம்தான் ஐப்பசி பிறக்கிற துலா சங்கிரமணத்துக்குத் தலைக்காவேரி போய், எல்லார் வீட்டுக்கும் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். கம்பெனிக்காகவும் வேண்டிக்கொண்டாராம்.

கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். ஏன் நின்றது என்று கேட்டார்கள். தாள் தாங்கவில்லை என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உன் அப்பா, வார்த்தை வார்த்தைதான், மாப்பிள்ளை டிக்கெட் வாங்கட்டும் என்றார். அவர் என்மேல் ஏற்கனவே வருத்தமாகத்தான் இருந்தார். ஆயுத பூஜை அன்று செல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க வந்தவரை நான் தடுத்துவிட்டேன். ஒரு துளி பட்டாலும் தாள் கெட்டுவிடும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் போலிருக்கிறது. கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

நாளைக்கு ஷெட்டுக்குப் போய்ச் செல்லைப் பிரித்துக் கட்டிவைத்துவிடுவேன். ஜனவரி பத்தாம் தேதிக்கு டிக்கெட் சொல்லியிருக்கிறேன்.

நான் வருகிறேன், அம்ருதா. இதை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது.

ப்ரஹ்லாத்


டொரன்டோ
5 நவம்பர் 2000

வரப்போகிறவருக்கு,

உங்களுக்கு ஒரு கோட் வாங்கிவிட்டேன். முழங்காலுக்குக் கீழே வரும், உள்ளே பஞ்சு வைத்தது. உங்கள் தோள் அளவு ஞாபகமில்லை. கடையில் ஒரு குஜராத்திக்காரரை நிறுத்தி அவர் தோளில் போட்டுப் பார்த்தேன். அவர் மனைவி என்னை முறைத்தாள்.

ஜன்னலுக்குக் கீழே தரை தெரிகிற வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டாம் மாடி. நீங்கள் வந்ததும் மாறிவிடலாம். பேப்பரைப் பார்த்து உங்களுக்கு ஏற்ற வேலைகளைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். மெம்ப்ரேன், அதாவது உங்கள் தாள் வேலையே இங்கே இருக்கிறது. அடுத்தவன் காசு, அடுத்தவன் கவலை. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அப்பாவை நினைத்தால் மட்டும் கஷ்டமாக இருக்கிறது. அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அம்ருதா


டொரன்டோ
24 நவம்பர் 2000

ப்ரஹ்லாத்,

உங்கள் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

செல்லுக்குச் சுத்திகரித்த தண்ணீர் விடும் அந்தத் தொட்டியில் இருந்ததை, அது நின்ற அன்று என்ன செய்தீர்கள்? கொட்டிவிட்டீர்களா, பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? பரிசோதித்துப் பார்த்தீர்களா? நாள் முழுவதும் தண்ணீரைப் பார்க்கிற புத்தி, வேறு எப்படிக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. கோட் அலமாரியில் தொங்குகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

அம்ருதா


மல்லேஸ்வரம்
6 டிசம்பர் 2000

அம்ருதா,

தொட்டியை என்றைக்கோ கழுவிக் கவிழ்த்தாயிற்று. தண்ணீர் எதுவும் எடுத்து வைக்கவில்லை. முடிந்துபோனதைக் கிளறுவதில் யாருக்கு என்ன லாபம்? இனி அதைப் பற்றிக் கேட்காதே.

இங்கே எல்லாம் சரியாக நடக்கிறது. ஷெட்டின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். கோவிந்தப்பாவுக்குச் சிவாஜிநகரில் ஒரு துணிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. பம்பாய்க்காரர்கள் அனுதாபம் தெரிவித்து எழுதியிருந்தார்கள். மறுபடி எப்போதாவது ஓட்டிக் காட்டினால் தங்கள் கதவு திறந்தே இருக்கும் என்று கடைசியில் ஒரு வரி.

உன் அப்பா பார்க்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். காலையில் எழுந்து ஷூவைக்கூடப் போட்டுக்கொள்கிறார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஷூவைக் கழற்றி வைக்கிறார். நண்பர்கள் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நேற்றுச் சாப்பிடும்போது திடீரென்று, "நீங்க போய் சௌக்கியமா இருங்கோ மாப்பிள்ளை. எங்க காலம் எப்படியும் போயிடும்" என்றார். நான் மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

ஜனவரி பத்தாம் தேதி சீக்கிரம் வரட்டும். அதற்குமேல் இங்கே இருந்தால் மூச்சு முட்டிவிடும்.

ப்ரஹ்லாத்


டொரன்டோ
18 டிசம்பர் 2000

ப்ரஹ்லாத்,

கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கப்போவதில்லை, சொல்லப்போகிறேன். இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நவம்பரிலிருந்து முயற்சி செய்துவிட்டேன். முடியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியே போயிருந்தபோது அப்பா ஃபோனில் ரொம்ப நேரம் பேசினார். பெருமாள் கண் திறக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னார்:

"நான் என்னம்மா குறை வெச்சேன்? ஆதிகேசவன் கொடுத்த தீர்த்தத்தை எங்களுக்குன்னு ஒரு உத்தரணி கூட வெச்சுக்கலை. சொம்போட எடுத்துண்டுபோய் அந்த டாங்க்லயே சேர்த்தேன். குங்குமம் வேண்டாம்னார், சரி. தண்ணியைப் பிரிக்கற மெஷினுக்குக் காவேரி கூடவா ஆகாது?"

நான் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு செப்புச் சொம்பு. அதில் ஓரிரண்டு நாள் கிடந்த தண்ணீர், துளசி வேறு. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பும் சுண்ணாம்பும் தாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எந்தத் தாளாக இருந்தாலும் ஓய்ந்துவிடும். உங்கள் தாள் நன்றாகத்தான் இருந்தது. நீர்த்த அமிலத்தில் கழுவினால் இப்போதும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லாமல் இருந்தால் நீங்கள் பத்தாம் தேதி கிளம்பி வந்துவிடுவீர்கள். அது எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் தோற்றுப்போனவன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவீர்கள். இல்லை என்று தெரிந்தும் நான் சாதம் பரிமாறிக்கொண்டிருப்பேன். அப்படி எத்தனை வருஷம் இருக்க முடியும்? வேறு யாராவது இதை மறைத்திருந்தால் நீங்கள் ஆயுசுக்கும் மன்னித்திருக்க மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

இனி உங்கள் இஷ்டம். பேசாமல் விமானம் ஏறினாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அப்பாவிடம் மட்டும் அவரால்தான் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் தாங்கமாட்டார்.

அம்ருதா


மல்லேஸ்வரம்
2 ஜனவரி 2001

அம்ருதா,

எனக்குத் தெரியும்.

அக்டோபரில் உனக்குக் கடிதம் போட்ட மறுநாள் செல்லைப் பிரித்தேன். ஹைட்ரஜன் வருகிற பக்கத்துத் தகட்டில் இளஞ்சிவப்பாகச் செம்பு படிந்திருந்தது. ஷெட்டில் செம்பு எங்கிருந்து வந்தது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தேன். தொட்டிக்கு மேலே உள்ள பலகையில் உங்கள் வீட்டுச் செப்புச் சொம்பு இருந்தது. அடியில் ஒரு காய்ந்த துளசி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. தாளின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அமிலத்தில் கழுவிப் பார்த்தேன். நீ நினைத்தது சரிதான். பிழைத்துக்கொண்டது.

கீழே உட்கார்ந்து சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பாமேல் எனக்கு மரியாதை உண்டு. அன்றைக்குத்தான் அன்பு வந்தது. நான் கேட்டுக் கிடைக்காத விடுதலையை மனுஷர் ஒரு சொம்பில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். சொம்பைக் கழுவித் துடைத்துப் பூஜை அலமாரியில் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். செல்லைக் கோணியில் சுற்றிக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தவரைக்கும் அதைச் சுமந்துகொண்டு உன்னிடம் வந்துவிடலாம் என்று நினைத்தேன். நவம்பரில் நீ தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது உனக்கும் தெரிந்துவிட்டதோ என்று பயந்துதான் அப்படிச் சிடுசிடுவென்று எழுதினேன். நீ புரிந்துகொண்டு விட்டுவிடுவாய் என்று நம்பினேன்.

நீ விடவில்லை. நான் உண்மையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஆள் என்று நினைத்து எழுதிவிட்டாய். உனக்கு வேண்டியதை எல்லாம் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகு அந்த ஆளாக இருந்துதான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் அது இன்னும் பெரிதாகும், அதனால் சொல்லிவிடுகிறேன். நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

நேற்று எல்லாரையும் கூப்பிட்டேன். தாளில் குறை இல்லை, தொட்டியில் தவறான தண்ணீர் சேர்ந்துவிட்டது, கவனக்குறைவாக நான்தான் மாற்றி ஊற்றிவிட்டேன் என்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆதிகேசவன் மாமா எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டார். ஒரு தடவை தப்புப் பண்ணினவன் மறுபடி பண்ணமாட்டான், ஆரம்பிக்கலாம் என்றார். வருஷப் பிறப்பன்று நல்ல சேதி என்று உன் அம்மா எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். பம்பாய்க்கு அங்கேயே ஃபோன் போட்டார்கள். முதலில் கையெழுத்து, பிறகு ஓட்டம் என்று இந்தத் தடவை நிபந்தனையை மாற்றிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு ஃபாக்ஸில் அனுப்பிவிட்டேன்.

உன் அப்பா மட்டும் கேசரியைத் தொடவில்லை. எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாங்க்ல தண்ணி நீங்களா மாத்தினேள், மாப்பிள்ளை?"

"ஆமாம் மாமா."

அவர் நேராகப் பூஜை அலமாரிக்குப் போய் அந்தச் சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். இன்று காலை ஷெட்டுக்கு என்னோடு வந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வாசலிலேயே நின்றார். வெயிலில் ரொம்ப நேரம் நின்றார்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விசா இந்த மாதக் கடைசியில் போய்விடும்.

தாளைக் கழுவி மாட்டி மத்தியானம் ஓடவிட்டேன். முள் அசையவே இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறது, அம்ருதா.

ப்ரஹ்லாத்


டொரன்டோ
15 ஜனவரி 2001

ப்ரஹ்லாத்,

நீங்கள் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லாமல் சொல்லி வைத்திருந்தீர்கள். அதை நான் என் கையாலேயே உடைத்துவிட்டேன். உங்கள் கோபம் நியாயம்தான். எனக்கும் கோபம் இருக்கிறது. எனக்கும் தெரியும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நல்லவர்கள் என்று ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டு இப்படிச் செய்துகொண்டோம்.

ஸ்பான்சர் பண்ணுவதென்றால் மறுபடி முதலிலிருந்து எழுதிப் போட வேண்டும். நான் திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்கமாட்டேன். வா என்று சொல்லிவிடுவீர்கள். அப்புறம் நானும் அந்தக் கூடத்தில் ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நாளாகிவிட்டது, வாங்க முடியாது என்றார்கள். திரும்ப அலமாரியில் மாட்டிவிட்டேன்.

அப்பாவை வெயிலில் நிற்கவிடாதீர்கள். ஒரு நாற்காலி போட்டு உள்ளே உட்காரவையுங்கள். ஒன்றும் கேட்காதீர்கள், அவரும் கேட்கமாட்டார். தொட்டிக்கு மட்டும் ஒரு பூட்டுப் போடுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

அம்ருதா